நாலாவது மாடிக்கு நடந்து போனவள்

தெக்பர் என்றால் எங்கள் பேச்சில் 'பெருத்து வருவாள்' என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர். பெயருக்குக் குறை வைக்காமல் அவளும் பெருத்தாள். எங்கள் தலைநகர் நுவாக்ஷோத்தில், க்ஸார் பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் அவள் நடந்து வந்தால், ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கடந்து போகும் வரைக்கும் தேநீரை ஆறவிடுவார்கள். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவள் பக்கத்தில் நான் நோயாளி மாதிரி தெரிவேன்.

நான் சல்கா. அவளுக்கு அடுத்த வீடு. சின்ன வயதில் ஒரே மழைக்காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே அத்தையின் கூடாரத்துக்குக் கொழுக்க வைக்க அனுப்பினார்கள். விடிவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் ஒட்டகப் பால், விடிந்த பிறகு இன்னொன்று, வெயில் ஏறினால் தினைக்கூழ், மறுபடியும் பால். மிச்சம் வைத்தால் கால்விரலை இரண்டு குச்சிகளுக்கு நடுவே வைத்து நெருக்குவாள் அத்தை. நான் வாந்தி எடுத்துவிட்டு மணல்மேட்டுக்குப் பின்னால் ஓடிப்போவேன். தெக்பர் கண்ணில் நீர் வழிய, கிண்ணத்தைக் கீழே வைக்காமல் குடித்து முடிப்பாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவள். எங்கள் இருவர் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தொடங்கியதுதான்.

சிதாத்தி அவளைக் கட்டிக்கொண்டபோது ஊரே அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அவனும் சும்மா இருக்கமாட்டான். "என் வீட்டுல நிழலுக்குக் கூடாரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். அவள் அவன் மேல் தலையணையை எறிவாள். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை. பிறகு எங்கள் ஆண்கள் பலரையும் போல அவனும் மளிகைக்கடை வைக்க அங்கோலாவுக்கு, லுவாண்டாவுக்குப் போனான். கூட்டாளி பாதியில் கழன்றுகொண்டான். குடியிருப்புத் தாள்கள் எங்கோ அலுவலகத்தில் மாட்டிக்கொண்டன. அவற்றை விட்டுவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது, கடையும் போய்விடும். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று வருஷங்கள் போயின.

அவனுடைய குரல் மட்டும் போனில் வரும். அந்தக் குரல் பதிவுகளில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? அரிசி விலை ஏறிவிட்டது, டின் பால் வந்து இறங்கவில்லை, பக்கத்துக் கடைக்காரன் மோசம். அவ்வளவுதான். அதைத் தலைக்குமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தி, திரும்பத் திரும்பக் கேட்பாள் தெக்பர். அரிசி விலையைக் கேட்டு அழுத பெண்ணை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

ஒரு நாள் அரிசி விலைக்கு நடுவே அவன் சொன்னான்: "ஏ புள்ள, நீ இங்க வந்துரேன். எத்தன நாளைக்கு இப்படி? கடைக்கு மேலயே ரூம் இருக்கு. நாலாவது மாடி. லிஃப்ட்டு செத்து எத்தனையோ காலமாச்சு, தண்ணியக்கூடத் தலையிலதான் தூக்கிட்டுப் போறோம். ஆனா காத்து நல்லா வரும்."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் 'வந்துரேன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு குதித்திருப்பாள். தெக்பர் காதில் விழுந்தது 'நாலாவது மாடி'தான். எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற இரண்டு படியை ஏற அவளுக்கு என் தோளும் என் தங்கை தோளும் வேண்டும். முட்டி வீங்கி, சர்க்கரையும் வந்து, மூச்சு இரைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"சல்கா, அங்க போயி மாடிக்குக் கீழ உக்காந்திருந்தா என்ன பண்ணுவாங்க?"

"தூக்கிட்டுப் போவாங்க."

"யாரு? முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களா? அவர் கண்ணு முன்னாடியா?"

மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா சின்னப் பெண், ஆனால் வாய் பெரிசு. "உங்க முட்டி ரெண்டும் அழுவுது, உங்களுக்குக் கேக்கலையா? பாலைக் குறைங்க. டீயில சர்க்கரைய நிறுத்துங்க. சோத்தக் குறைச்சு மீனைக் கூட்டுங்க, கடல் பக்கத்துலதானே இருக்கீங்க! அப்புறம் நடங்க. முதல்ல உங்க வாசல் வரைக்கும் நடங்க, போதும்."

மீனும் நடையும்கூடப் பரவாயில்லை. சர்க்கரை இல்லாத டீ! அதைச் சொன்னதற்கே எங்கள் தெருப் பெண்கள் பாயைவிட்டு எழுந்துவிட்டார்கள். எங்களிடம் டீ என்றால் மூன்று க்ளாஸ். ஒவ்வொன்றும் முன்னதைவிட இனிப்பு. முதல் க்ளாஸோடு எழுந்து போனால் சண்டை போட்டுக்கொண்டு போகிறாள் என்று அர்த்தம். தெக்பர் தனக்கென்று ஒரு சின்னக் கெண்டியைக் கொண்டுவந்து கசப்பாக ஒரு க்ளாஸ் குடித்துவிட்டு, சாயங்காலம் ஆனதும் எழுந்துவிடுவாள்.

"எங்கடி போற, யாரு துரத்துறா?" என்பார்கள்.

"யாரும் துரத்தல. நான்தான் ஒருத்தரத் துரத்திட்டுப் போறேன்" என்பாள்.

எங்கள் பெண்கள் நடப்பது விளையாட்டு மைதானத்து மதிலைச் சுற்றி. தலையிலிருந்து கால்வரை சுற்றிய மெல்ஹஃபாத் துணி, அதற்குக் கீழே ஆண்கள் போடுகிற ரப்பர் ஷூ. முதல் நாள் அவள் மைதானத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிடப் போய் நானும் அவள் மேலேயே விழுந்தேன். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள். எனக்கு எரிச்சல். "அடியே, அழறதா இருந்தா வீட்டுல அழு, இங்க எதுக்கு மணல்ல? கால் வேற சுடுது" என்றேன். ஆனால் மறுநாளும் கூடப் போனேன். என்னைக் கூப்பிடாமல் போயிருந்தால் கோபம் வந்திருக்கும்.

மெதுவாக வாசலைத் தாண்டினாள். பிறகு ஒரு மூலை, பிறகு ஒரு பக்கம், பிறகு முழுச் சுற்று. நடக்கும்போது எங்கள் பெண்கள் தங்களுக்குள் கட்டிக்கொள்கிற இரண்டு வரிப் பாட்டைக் கட்டுவாள். அதில் ஆணின் பெயர் வரக்கூடாது. யாரைப் பற்றி என்று கேட்கவும் கூடாது. ஒன்று எனக்கு மனப்பாடம்:

மேகம் தெற்க போகுது, காத்தே கொஞ்சம் தள்ளு;
பாரம் குறைஞ்சா நானும் வருவேன், அங்க போயிச் சொல்லு.

எங்கள் தெருக்கோடியில் துபாய்க்காரன் ஒருவன் பாதியில் விட்டுப்போன மாடிவீடு இருக்கிறது. கைப்பிடி இல்லாத படிக்கட்டு. காலையில் அங்கே போய் ஏறப் பழகினாள். வாட்ச்மேன் கீழே உட்கார்ந்து, "அக்கா, வீட்ட வாங்கப் போறீங்களா?" என்று தினமும் கேட்பான். மேலே ஏறியதும் அவள் மொட்டைமாடியில் தெற்கே பார்த்து நிற்பாள். தெற்கே என்ன தெரியும்? மீன் சந்தையும் தண்ணீர் லாரிகளும்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சிதாத்திகிட்ட சொல்லித் தொலையேன்டி, நீ நடக்கிறேன்னு" என்று நான் கத்தினேன்.

"சொன்னா, 'வேண்டாம் புள்ள, நீ இருக்கிறபடியே இரு'ன்னுவாரு. இருக்கிறபடியே இருந்தா நான் இங்கதான் இருப்பேன்."



எங்கள் ஊரில் பெண்டாட்டி மெலிந்தால் அது அவள் உடம்போடு நிற்காது. புருஷன் சோறு போடவில்லை என்பார்கள். இல்லாவிட்டால் மறந்துவிட்டான் என்பார்கள். சிதாத்தியின் தங்கை மக்பூலா நோன்புப் பெருநாளுக்கு வந்தவள் அண்ணியைப் பார்த்ததும் வாசலிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! அண்ணி, என்ன இது கன்னம்? எங்க குடும்ப மானத்தக் காத்துல பறக்க விடுறீங்களே! நாளைக்கு எவளாவது 'சிதாத்தி பொண்டாட்டி பட்டினி'ன்னா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு மக்பூலா. முட்டி வலிக்கல."

"முட்டிய யாரு பாக்குறா?"

அன்றைக்கே அண்ணனுக்குக் குரல் பதிவு போய்விட்டது. சிதாத்தி என்ன செய்தான்? அவன் மேல் குற்றம் சொல்லமாட்டேன், எங்கள் ஆண்பிள்ளை எவனும் செய்வதைத்தான் செய்தான். நகரத்துக்கு வெளியே ரோட்டோரக் கூடாரத்தில் ஒட்டகம் வைத்திருக்கிற ஹமாதிக்குச் சொல்லி, மறுநாளிலிருந்து சாயங்காலம் தவறாமல் ஒரு பெரிய கிண்ணம் பால் வரவைத்தான். நுரை அடங்காத ஒட்டகப் பால். சரியாக நாங்கள் ஷூ மாட்டுகிற நேரத்துக்கு.

கையில் கொண்டுவந்து கொடுத்த பாலைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அதுவும் அந்தப் பால் அவன் அனுப்பியது. தெக்பர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து பார்ப்பாள். எத்தனை நேரம் அப்படியே இருப்பாள் தெரியுமா! பிறகு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு என்னிடம் நீட்டுவாள். நான் குடிப்பேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன், வெட்கம் என்ன இதில்? நல்ல பால்.

அதிலிருந்து அவன் குரல் பதிவுகளில் அரிசி விலைப் பேச்சு குறைந்துபோனது.

"ஏ புள்ள, பால் வருதா?"

"வருது."

"குடிக்கிறியா?"

"கையில வாங்கிட்டேன்."

பொய் சொல்லத் தெரியாதவள். அவனும் அதற்குமேல் கேட்கமாட்டான். நாளைக்கு மறுபடியும் அதே கேள்வி. எனக்குச் சலித்துப் போகும். அவளுக்குச் சலிக்கவே சலிக்காது. வாய்விட்டு 'உன்னை நினைக்கிறேன்' என்று சொல்லத் தெரியாத ஆள் அவன், 'பால் வருதா' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை மக்பூலா வந்தபோது தெக்பர் இன்னும் வற்றியிருந்தாள். நான் இன்னும் ஊதியிருந்தேன். மக்பூலா என்னைப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். அவள் அண்ணியைத்தான் பார்த்தாள்.

"இவ்ளோ பால் வந்தும் ஒரு பொம்பள மெலியிறான்னா அது ஒண்ணே ஒண்ணுதான். மனசுல வேற ஆளு."

"அஸ்தஃபிருல்லாஹ்! நாக்கு அழுகிடும்டி உனக்கு!" என்று நான் எழுந்தேன். தெக்பர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மக்பூலா அதையும் அண்ணனுக்கு அனுப்பினாள். அதோடு அவன் குரல் நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், இன்னொரு வாரம். அவள் அனுப்பியதெல்லாம் கேட்டிருக்கிறான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. எங்கள் ஊரில் தலாக் சொல்வதற்கு அதிக நேரம் ஆகாது. அதைத் தெருவில் எல்லாரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். ஆனால் பால் மட்டும் நிற்கவில்லை. ஹமாதி சாயங்காலம் ஆனால் வந்துவிடுவான்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் ஷூவோடு போய் நின்றேன். கிண்ணம் அவள் கையில் இருந்தது. வழக்கம்போல மோந்து பார்த்தாள். எனக்கு நீட்டவில்லை. சாய்த்துக் குடிக்க ஆரம்பித்தாள். நடுவில் மூச்சு விடவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அத்தையின் கூடாரத்தில் பார்த்த அதே பிள்ளை. அடி வரைக்கும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இது மட்டும்தானே சல்கா அவர்கிட்டயிருந்து வருது. இதையும் நான் விட்டுட்டா எனக்கு என்ன இருக்கு?"

அன்றிலிருந்து தினமும் குடித்தாள். நடை நின்றது. டீயும் மூன்று க்ளாஸ் ஆனது. தெருப் பெண்கள் "இப்பதான் முகத்துல ரத்தம் வந்திருக்கு" என்றார்கள். முட்டி மறுபடியும் வீங்கியது. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். துபாய்க்காரன் வீட்டு வாட்ச்மேன்கூட "அக்கா வரலையா?" என்று என்னிடம் விசாரித்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் பாயில் படுத்திருந்தாள், நான் பேன் பார்க்கிற சாக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. அவன்தான். தொண்டை கட்டிப்போன குரல். வேறு ஒரு சொல்லும் இல்லை.

"பால் வருதா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதை மறுபடி மறுபடி கேட்டாள். கோபமாக இருக்கிறானா, அழுதிருக்கிறானா என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்! "மனுஷன் உன்ன விடல, அவ்ளோதான் தெரியுது" என்றேன். அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் "வருது" என்றாள். பிறகு "நானும்" என்று இன்னொரு பதிவை ஆரம்பித்து, பாதியிலேயே அழித்துவிட்டாள். அந்தச் சொல் போகவில்லை.

"சல்கா, என் ஷூ எங்க?"

கட்டிலுக்கு அடியில் பூனை குட்டி போட்டு வைத்திருந்தது அந்த ஷூவில். குட்டிகளை என் முக்காட்டில் ஏந்திக்கொண்டு நான் நின்றேன். அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் நின்றதே இல்லை. மணல் காற்று அடித்த நாளில்கூட வாயை மூடிக் கட்டிக்கொண்டு நடந்தாள். உதட்டை நனைத்துப் பாலை எனக்குத் தந்தாள். கையில் நிற்காமல் வளையல்கள் நழுவ ஆரம்பித்தன. அவற்றை விற்று டிக்கெட் எடுத்தாள். லுவாண்டாவில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் திரும்பிப் போனது. அவர்களோடு கிளம்பினாள். சிதாத்திக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லாமப் போறியே, அவர் மனசுல என்ன வெச்சிருக்காரோ!" என்றேன்.

"எப்படி உருகிப் போனேன், யாருக்காக உருகுனேன்னு அவர் கண்ணால பாக்கட்டும். அதுக்கப்புறம் 'போ'ன்னு சொன்னா, நானே இறங்கி வந்துருவேன். இறங்கவும் பழகிட்டேன்." சொல்லிவிட்டு ஹமாதியிடம் திரும்பினாள். "பாலை நிறுத்திடாதீங்க. சல்கா கையில குடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு விமானம் மாறி, இரண்டு நாள் பயணம் போனாள். அந்த இரண்டு சாயங்காலமும் பால் எனக்கு வந்தது. முதல் நாள் குடித்தேன். இரண்டாம் நாள் தொண்டையில் இறங்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போனில் அவள் குரல் வந்தது. நீளமான பதிவு. பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள் சத்தம், எவனோ தண்ணீர் விற்கிற சத்தம்.

"சல்கா, வந்துட்டேன்டி. கட்டடத்துக்குக் கீழ நிக்கிறேன். தனியா ஏற பயமா இருக்கு. கூட வாடி."

பிறகு படிக்கட்டு. அவள் செருப்புச் சத்தம் சுவரில் மோதிக் கேட்கிறது. முதல் மாடி என்கிறாள். யாரோ பெண் குடத்தோடு இறங்குகிறாள். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்குகிறது. "இருட்டா இருக்குடி, கைப்பிடி இங்கயும் இல்ல" என்கிறாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு "மெதுவாடி, மெதுவா" என்று போனைப் பார்த்துச் சொல்கிறேன், பைத்தியம் மாதிரி. மூன்றாவது மாடியில் நின்றுவிட்டாள். வெறும் மூச்சு மட்டும். உட்கார்ந்துவிட்டாளோ என்று போனைக் காதோடு அழுத்தினேன். செருப்புச் சத்தம் மறுபடியும் கேட்டது.

கதவு தட்டுகிறாள். உள்ளே ரேடியோ. தாழ்ப்பாள் சத்தம். சிதாத்தியின் குரல், எதிரே என் முன்னால் நின்று பேசுவது போல:

"யாரும்மா? யாரைத் தேடுறீங்க, சகோதரி?"

சகோதரி என்றான். வல்லாஹி, என் மடியிலிருந்த கிண்ணம் சரிந்துவிட்டது. அவ்வளவு நடந்து, அவ்வளவு ஏறி, அவள் போய் நின்றது இந்தச் சொல்லுக்கு முன்னாலா! மூச்சு அடங்கக் காத்திருந்தாள் போலிருக்கிறது. அப்புறம் கேட்டாள்:

"பால் வருதா?"

ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பிறகு எதுவோ கீழே விழுந்து உருண்டது. எங்கள் ஆண்கள் அடுத்தவர் காதுபடப் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். கட்டிய நாளிலிருந்து அவன் அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். அந்த மாடி முழுக்கக் கேட்க, அவன் கத்தினான்:

"தெக்பர்!"

பதிவு அங்கேயே நின்றுவிட்டது. அவள் விரலை எடுத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஹமாதி வெறுங்கையோடு வந்து, இனிமேல் பால் வேண்டாம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள் என்றான். சரி என்றேன். அவள் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று க்ளாஸ் டீயும் அப்படியே வாயில் நின்றது. ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். முதல் மூலையைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது. இத்தனை நாள் குடித்த பால் சும்மா விடுமா! மதிலில் கையை ஊன்றி நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"தெக்பர், கூட வாடி" என்றேன்.